மருதாசலம் மெசின் வாங்கி மரம் அறுத்த கதை

கொட்டாப்புளிவலசு ஆட்களை வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லலாம், மழை வருமா என்று கேட்கலாம், பொழுது போகப் பேசிக்கொண்டிருக்கலாம். வழி மட்டும் சொல்லிவிடக் கூடாது. "நேராப் போங்க" என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னதற்காக, ரோடு வளைந்த இடத்தில் தாங்கள் வளையாமல் சோளக்காட்டுக்குள் இறங்கி, பக்கத்துத் தாலுக்காவில் போய் ஏறியவர்கள் அவர்கள். சொன்ன சொல்லை மீறுகிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. இது குறை இல்லை. ஊருக்கு ஊர் ஒரு பெருமை இருக்கத்தானே செய்யும்.

அந்த ஊரில் மருதாசலம் என்று ஒருவர். நல்ல மனிதர். ஒரே மகள் பூங்கொடிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த முதல் வீட்டார் "தண்ணி கொஞ்சம் குடுங்க" என்றார்கள். ஆளுக்கு ஒரு வாய் அளந்து கொடுத்தார். அவர்கள் மறுபடி வரவில்லை. இரண்டாவதாக வந்தவர்கள் "யோசிச்சுச் சொல்றமுங்க" என்றார்கள். சரி என்று கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் யோசித்து முடிக்கட்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்ந்த பிறகு பின்வாசல் வழியாகத்தான் தப்பித்துப் போனார்கள். ஏன் போனார்கள் என்று மருதாசலத்துக்கு இன்றுவரை புரியவில்லை.

மூன்றாவதாகக் கூடிவந்த இடம் நல்ல இடம். மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை தட்டு மாத்திக்கலாமுங்க. ஆனா காரு உங்க ஊட்டு வாசலுக்கே வரோணும். என்ற சம்சாரத்துக்கு முட்டி நோவு. நடக்க மாட்டா."

"வாசலுக்கே வருமுங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்று மருதாசலம் வாக்குக் கொடுத்தார்.

வாக்குக் கொடுத்த அன்று சாயங்காலமே பெருங்காற்று அடித்தது. வீட்டுக்கு வருகிற ஒரே தடத்தின் ஓரம் நின்ற தென்னை வேர் பிடுங்கிக்கொண்டு தடத்தின் குறுக்கே படுத்துவிட்டது. மரம் அறுக்கிற ஆட்களைக் கூப்பிட்டால், சுற்றுவட்டாரம் முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது, அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார்கள். மருதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தமும் கைவிட்டுப் போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்து நினைத்துக் கண்கலங்கினார். கடைசியில், ஆள் வராவிட்டால் என்ன, மெசினையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை காலையில் மூன்று பேர் பஸ் ஏறினார்கள். மருதாசலம், அவர் மச்சினன் ஆறுக்குட்டி, பங்காளி வகையில் அண்ணன் முறை ஆகிற திருமூர்த்தி. திருமூர்த்தி எதையும் நிதானமாக யோசிப்பவர் என்று ஊரில் பெயர். அந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தமோ, அந்த அர்த்தத்தில்.

தாராபுரத்தில் பம்புசெட்டு, மருந்தடிக்கிற மெசின், செயின் ரம்பம் எல்லாம் விற்கிற ஒரு கடை. கடைக்காரர் வெள்ளியங்கிரி பொறுமைசாலி.

"ஏனுங், முன்னப் பின்ன ஓட்டியிருக்கீங்களா?"

"முன்னயும் இல்லீங். பின்னயும் இல்லீங்" என்றார் மருதாசலம்.

"அப்ப நாஞ் சொல்றதை நல்லாக் கேட்டுக்கோங்க. நாஞ் சொல்றபடிதான் செய்யோணும்."

இப்படி ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். மூவரும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மரம் எந்தப் பக்கம் விழும் என்று முடிவு பண்ணாமல் மெசினைக் கையால் தொடவே கூடாது என்றார் வெள்ளியங்கிரி. ஆள், மாடு, பயிர், கரண்டுக் கம்பி எதுவும் இல்லாத பக்கமாகப் பார்த்துத்தான் மரத்தை விழவைக்க வேண்டும். சங்கிலிக்கு ஊற்றுகிற ஆயிலில் கஞ்சத்தனம் கூடாது, இருப்பதிலேயே உசத்தியானதை ஊற்ற வேண்டும். மரம் விழுந்ததும் மெசினை நிறுத்தி, துடைத்து, பெட்டியில் வைத்து மூடிவிட வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, எஞ்சினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஒரு கேனில் தாமே ஊற்றிக் கொடுத்தார்.

மெசினை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்த மருதாசலம் முதல் விதியைக் கேட்டதுமே கையை எடுத்துவிட்டார்.

"பெட்டியைத் தொடலாமுங்களா?"

"பெட்டியைத் தொடாம எப்படிங்க ஊருக்குக் கொண்டுபோவீங்க?" என்று வெள்ளியங்கிரி சிரித்தார். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார். தாமே மெசினைப் பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்தார். பொறுமைசாலி என்றேனே, அன்று மதியம்வரைக்கும் பொறுமைசாலி.

மதியம் மூவரும் பெட்டியைத் தடத்தில் இறக்கி வைத்துவிட்டு, விழுந்து கிடந்த தென்னையைச் சுற்றி வந்தார்கள்.

"எந்தப் பக்கம் விழுகும்?" என்றார் மருதாசலம்.

ஆறுக்குட்டி உற்றுப் பார்த்தான். "மாமா, பாத்தா ஏற்கெனவே விழுந்தாப்பலதான் தெரியுது."

"விழுந்தது வேற, விழுகப்போறது வேற" என்றார் திருமூர்த்தி. "அவரு கேட்டது விழுகப்போறதை. இனிமேல் இது எந்தப் பக்கம் விழுகும்?"

"கீழ விழுந்ததுக்கு மேக்கொண்டு விழுக எடமில்லீங்களே அண்ணா."

"எடம் இருக்குது. பூமிக்கு அடியில இருக்குது. ஆனா அந்தப் பக்கம் விழுகும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். இந்தப் பக்கம் என்று அடித்துச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. முடிவு பண்ணாமல் மெசினைத் தொடக் கூடாது. மெசினைத் தொடாமல் மரத்தை அறுக்க முடியாது. மரத்தை அறுக்காவிட்டால் கார் வராது. கார் வராவிட்டால் பூங்கொடிக்குக் கல்யாணம் இல்லை. மருதாசலம் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"மரம் எந்தப் பக்கம் விழுகும்னு தெரியலீங்க."

கடையில் கூட்டம். வெள்ளியங்கிரி அவசரமாகக் கேட்டார். "எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுங்க?"

"தடத்துப் பக்கமுங்க."

"நெம்பச் சாஞ்சிருக்குதா?"

மருதாசலம் பொய் சொல்லத் தெரியாதவர். மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "நெம்பவே சாஞ்சிருக்குதுங்க."

"அப்ப அப்படியே அறுத்தா ஆபத்து. கயித்தைக் கட்டி எதிர்ப்பக்கம் இழுத்து மொதல்ல மரத்தை நிமித்துங்க. நேரா நின்னதுக்கப்புறம் மெசினைத் தொடுங்க. அவசரப்பட வேண்டாமுங்க."

மருதாசலம் போனை வைத்துவிட்டு, "இது நமக்குத் தோணுச்சா பாருங்க. தொழில் தெரிஞ்சவரு தொழில் தெரிஞ்சவருதான்" என்றார். மற்ற இருவரும் கடை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஞாயிறு விடிந்ததும் திருமூர்த்தியின் டிராக்டர் வந்தது. தென்னையின் கழுத்தில் வடக்கயிறு கட்டி ஒருபக்கம் டிராக்டர் இழுக்க, இன்னொரு பக்கம் தெருவே கூடி முட்டுக் கொடுத்துத் தள்ளியது. கீழே கிடந்த மரத்தை எதற்கு நிமிர்த்துகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அறுப்பதற்கு என்று சொல்லியிருந்தார்கள், அது போதுமான காரணமாக இருந்தது. மரம் எழுந்தது, ஆடியது, பழைய குழியிலேயே போய் உட்கார்ந்தது. சுற்றிலும் மண்ணைப் போட்டு மிதித்தார்கள். கயிற்றை டிராக்டரிலேயே விட்டுவைத்தார்கள்.

காப்பி கொண்டுவந்த பூங்கொடி தடத்தைப் பார்த்தாள். பளிச்சென்று திறந்து கிடந்தது.

"ஏப்பா, தடம்தான் தெறந்துருச்சே. இப்படியே உட்டுட்டாப் போதுமில்ல?"

மருதாசலம் மகளைப் பாசத்தோடு பார்த்தார். சின்னப் பெண், உலகம் தெரியாது.

"கண்ணு, அறுக்கறதுக்குன்னு சொல்லித்தான இத்தனை சனத்தைக் கூப்பிட்டு நிமித்துனோம். இப்ப அறுக்காம உட்டா, நிமித்துனதுக்கு என்ன அர்த்தம்?"

"நாயம்தான்" என்றது தெரு. பூங்கொடி சேலை மாற்றிக்கொள்ள உள்ளே போய்விட்டாள்.

அவள் உள்ளே போன சற்று நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்தது. மாப்பிள்ளை மோகனசுந்தரமே ஓட்டிக்கொண்டு வந்தான். தென்னையைத் தாண்டி, தடத்தில் அலுங்காமல் வந்து, வீட்டு வாசலில், கோலத்தின் ஓரத்தில் நின்றது. முட்டி நோவுக்கார அம்மா காரிலிருந்து காலைக் கீழே வைத்தால் வாசல்படி. மருதாசலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம், இனி மகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று மனைவி மயிலாத்தாளைப் பார்த்துச் சிரித்தார்.

சென்னியப்பன் இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை, பெண் எங்கே என்று கேட்கவில்லை. கயிறு கட்டிய தென்னையையே பார்த்தார்.

"அதென்னுங்க, மரத்தைக் கட்டிப்போட்டிருக்கீங்க?"

"அறுக்கறதுக்குங்க."

"அறுத்தாச்சுங்களா?"

"இன்னும் இல்லீங். நீங்க வந்துட்டீங்க."

"அப்ப அதை முடிச்சுட்டு வந்து தட்டை மாத்திக்கலாமுங்க. ஒரு வேலையைப் பாதியில உட்டுட்டு இன்னொரு வேலையில கை வைக்கறது எங்கூட்டுல பழக்கமில்லை."

மருதாசலத்துக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லோரும் மரத்தடிக்குப் போனார்கள்.

மரம் நேராக நின்றதால் இப்போது நாலு பக்கமும் விழத் தயாராக இருந்தது. முடிவு பண்ணுவதுதான் பாக்கி.

"கெழக்க என்ற மஞ்சக்காடு. பயிரு இருக்குது" என்றார் திருமூர்த்தி.

"மேக்க கரண்டுக் கம்பி" என்றார் மருதாசலம்.

"தெக்க எங்க மாட்டுக் கொட்டாய். ஆளும் இருக்குது, மாடும் இருக்குது" என்றான் ஆறுக்குட்டி.

"வடக்க?" என்றார் சென்னியப்பன்.

எல்லோரும் வடக்கே திரும்பிப் பார்த்தார்கள். ஆள் இல்லை, மாடு இல்லை, பயிர் இல்லை, கம்பி இல்லை. சுத்தமாக, காலியாக, தடம் கிடந்தது.

"அதாங்க எடம்" என்றார் சென்னியப்பன். "அங்க உழுந்தா ஒருத்தருக்கும் நட்டமில்லை."

முடிவு ஆகிவிட்டது. மருதாசலம் பெட்டியைத் திறந்து முதன்முறையாக மெசினைத் தொட்டார். வீட்டில் இருப்பதிலேயே உசத்தியான எண்ணெய் எது என்று மயிலாத்தாளைக் கேட்டார்கள். அவள் விருந்துக்கு உருக்கி வைத்திருந்த நெய்யைத் தூக்குப்போசியோடு கொண்டுவந்தாள். சங்கிலிக்கான டேங்கில் தளும்பத் தளும்ப ஊற்றினார்கள்.

புது மெசின் ஆயிற்றே, பூசை போடாமல் எடுக்கலாமா? சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். அங்கேதான் எலுமிச்சம்பழப் பிரச்சினை வந்தது.

"காருன்னா சக்கரத்துக்கு ஒண்ணு வைக்கோணும்" என்றார் திருமூர்த்தி. "இதுக்குச் சக்கரமே இல்லை. சக்கரம் இல்லாத வண்டிக்குப் பழமும் இல்லை."

சென்னியப்பன் குனிந்து மெசினைப் பார்த்தார். "இந்தச் சங்கிலி சுத்துமுங்களா?"

"சுத்துமுங்க."

"சுத்தறதுக்குப் பேரு என்னவா வேணா இருக்கட்டும். சுத்துதுன்னா பழம் வைக்கோணும்."

திருமூர்த்தி தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தன்னைவிட நிதானமாக யோசிக்கிற ஒருவரைக் கண்டார். மணைக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் பழத்தை வைத்தார்கள்.

மெசின் கிளம்பவில்லை. ஆறுக்குட்டி அதைக் கிளப்புகிற கயிற்றைப் பிடித்து இழுத்தான். மெசினும் கூடவே வந்தது. அவன் இழுத்துக்கொண்டே மஞ்சக்காடுவரைக்கும் போனான், மெசினைப் பிடித்துக்கொண்டு மருதாசலம் பின்னாலேயே போனார். மறுபடியும் கடைக்குப் போன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வெள்ளியங்கிரி வீட்டில் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தார்.

"மெசினைக் கீழ வெச்சு, பின்னாடி கைப்புடியில ஒரு காலை வெச்சு மிதிச்சுக்கிட்டு இழுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பொட்டு வைத்துச் சூடம் காட்டிய மெசின். அதன்மேல் காலை வைப்பதா?

"வெக்காட்டி மெசின் ஓடாது. வெச்சாப் பாவம்" என்றார் மருதாசலம்.

இந்த முறையும் சென்னியப்பன்தான் வழி சொன்னார். "மெசினு சாமியாயிருச்சு. காலு இன்னும் சாமியாகலை. அதாங்க சிக்கல். காலுக்கும் பூசை போட்டுட்டா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிரும்."

ஆறுக்குட்டியின் வலது காலை மஞ்சள் தண்ணீரில் கழுவினார்கள். சந்தனம் தடவி, பெருவிரலில் குங்குமம் வைத்து, சூடம் சுற்றினார்கள். அதற்குப் பிறகு அவன் அந்தக் காலைத் தரையில் வைக்க மறுத்துவிட்டான். ரெண்டு பேர் தூக்கிவந்து மெசின்மேல் வைத்தார்கள். இழுத்தான். மெசின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

மருதாசலம் மெசினைத் தூக்கி எலுமிச்சம்பழத்தில் இறக்கினார். பழம் இருந்த இடம் தெரியவில்லை. அதன் சாறு மட்டும் சுற்றி நின்ற எல்லோர் கண்ணிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "பழம் நல்ல பழம்" என்றார் சென்னியப்பன்.

ஒன்று சொல்ல வேண்டும். மருதாசலம் மரத்தை நன்றாகவே அறுத்தார். நெய் சூடேறி ஊரெல்லாம் பலகாரம் சுடுகிற வாசம் அடித்தது. டிராக்டரை வடக்கே நிறுத்தி மெதுவாக இழுத்தார்கள். மஞ்சக்காட்டில் ஒரு இலை மடங்கவில்லை, கம்பியில் ஓர் ஓலை படவில்லை. சொன்ன இடத்தில், சொன்னபடி, தடத்தின் குறுக்கே தென்னை விழுந்தது. சனம் கைதட்டியது. மருதாசலம் மெசினை நிறுத்தி, துடைத்து, பெட்டியில் வைத்து மூடினார். தொழிலை முறையாகச் செய்த சந்தோசம் முகத்தில் தெரிந்தது.

அதுவரை வாயே திறக்காமல் நின்ற மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, காரு உள்ளாற மாட்டிக்கிச்சுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் கார். தடத்தில் மரம்.

"மறுக்காவும் நிமித்திரலாமுங்களா மாமா?" என்றான் ஆறுக்குட்டி.

"எதை வெச்சு நிமித்தறது? வேரு அங்க நிக்குது, மரம் இங்க கெடக்குது" என்றார் மருதாசலம்.

வாசலில் நின்ற பூங்கொடி, "மெசினை எடுத்துத் துண்டு போட்டு உருட்டி உட்டா ஆச்சுப்பா" என்றாள்.

"மரம் உழுந்ததும் பெட்டியில வெச்சு மூடோணும்னாரு, மூடியாச்சு கண்ணு. இனித் தொடோணும்னா எந்தப் பக்கம் விழுகும்னு முடிவு பண்ணோணும். அதுக்கு மரம் நேரா நிக்கோணும்." மருதாசலம் சென்னியப்பன் முன்னால் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "நான் குடுத்த வாக்கு இப்படி ஆயிருச்சுங்க. என்ற புள்ளையை மட்டும் வேண்டாம்னு சொல்லிராதீங்க. அவ மேல ஒரு தப்புமில்லை."

சென்னியப்பன் காரைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மனைவியிடம் போய் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏனுங், நாங்க போன்ல கேட்டது என்னங்க?"

"காரு வாசலுக்கு வரோணும்னு கேட்டீங்க."

"வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

"திரும்பிப் போகோணும்னு கேட்டமுங்களா?"

மருதாசலம் நினைத்துப் பார்த்தார். "அப்படிக் கேட்டாப்பல ஞாபகமில்லீங்க."

"கேக்கலைங்க. கேக்காததுக்கு நீங்க எப்படிப் பொறுப்பாவீங்க? இந்தக் காலத்துல சொன்னதைச் சொன்னபடி செய்யற மனுசனைப் பாக்கறதே அபூர்வம். இந்த ஊட்டுல பொண்ணெடுக்கலீன்னா வேற எங்க எடுக்கறது? தட்டைக் கொண்டாங்க."

மருதாசலம் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். தட்டு மாற்றிக்கொண்டார்கள். விருந்தில் நெய் மட்டும் குறைந்தது, அதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் மரத்தை ஏறித் தாண்டி நடந்தே போய் பஸ் பிடித்தார்கள். முட்டி நோவுக்கார அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து மரம்வரைக்கும் தூக்கிப் போனார்கள். அதற்குமேல் தூக்கும்படி யாரும் சொல்லவில்லை. கார் வாசலிலேயே நின்றது.

வைகாசியில் முகூர்த்தம். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டார் டவுன் பஸ்ஸில் வந்து ரோட்டில் இறங்கினார்கள். மேளம் முன்னால் போக, உச்சி வெயிலில் தடம் முழுக்க நடந்து, குறுக்கே கிடந்த தென்னைமேல் ஒவ்வொருவராக ஏறி இறங்கி, வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே தயாராக நின்ற காரில் மாப்பிள்ளையும் அப்பாவும் அம்மாவும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மோகனசுந்தரம் ஒருமுறை ஆரன் அடித்தான். மயிலாத்தாள் ஆரத்தித் தட்டோடு வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

அம்மா காலை எடுத்து வாசல்படியில் வைத்தார். முட்டிவரைக்கும் தடத்துப் புழுதி. மூச்சு இன்னும் அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற தன் வீட்டுப் பெண்களைப் பார்த்துப் பெருமையோடு சொன்னார்.

"நல்ல எடமுங்க. முட்டி நோவுன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு, ஓரெட்டுக்கூட நடக்க உடாம வாசல்லயே எறக்கி உடறாங்க பாருங்க."